குனியாமல் பிறந்த சொல்

விண்ணப்பம் என்பதைத் தமிழ்ச் சொல்லாகவே எண்ணிப் பிரித்தால் விண்ணும் அப்பமும் கிடைக்கும். வானத்தில் தொங்கும் அப்பம், கைக்கு எட்டாது! வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தவர்கள் இந்தப் பிரிப்பை ஒருவேளை ஏற்றுக்கொள்வார்கள். மொழியியல் ஏற்காது. அது சொல்லும் கதையில் விண்ணும் இல்லை, அப்பமும் இல்லை. நாம் முக்கியமாக எதிர்பார்க்கும் ஒன்றும் இல்லை: பணிவு.

சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, கல்லூரி இடம், வங்கிக் கடன் என்று எதற்குப் போனாலும் முதலில் நீட்ட வேண்டியது விண்ணப்பம்தான். "தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்" என்று எழுதிப் பழகிய கை, அந்தச் சொல்லுக்குள்ளேயே தாழ்மை ஊறியிருப்பதாக நம்புகிறது. வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே இருப்பது 'அறிவு'. விஞ்ஞானம், ஞானம், ஞாபகம் எல்லாம் எந்த வேரில் கிளைத்தனவோ, அதே வேரில் கிளைத்தது விண்ணப்பமும்.

ஒலி விட்டுச் சென்ற தடம்

சம்ஸ்கிருதத்தில் 'ஜ்ஞா' என்றால் அறிதல். அதன் முன்னே 'வி' சேர்ந்தால் தெளிவாக, பகுத்து அறிதல். அதிலிருந்து வந்தவை விஜ்ஞானம், விஜ்ஞாபனம், விஜ்ஞப்தி போன்ற சொற்கள். 'ஜ்ஞ' என்ற இந்தக் கூட்டொலி நாவுக்கு எளிதல்ல. இந்திய மொழிகள் ஒவ்வொன்றும் தனக்கு ஏற்றபடி அதை வளைத்துக்கொண்டன. இந்திக்காரர் ஞானத்தைக் 'க்யான்' என்பார். மராத்தியர் 'த்ஞான்' என்பார். நாம் நேரே 'ஞானம்' என்கிறோம். நடுவில் வரும்போது சில இடங்களில் 'ஞ்ஞ' என்றும் (விஞ்ஞானம்), சில இடங்களில் 'க்ஞ' என்றும் (பிரதிக்ஞை) சொல்கிறோம்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வளைப்பு தொடங்கிவிட்டது. புத்த சமய நூல்களின் மொழியான பாலியில் 'ஜ்ஞ' பெரும்பாலும் 'ஞ்ஞ' ஆனது. பிரஜ்ஞா அங்கே 'பஞ்ஞா'. சமணர் போற்றிய பிராகிருத மொழிகளிலோ அது 'ண்ண' ஆனது. விஜ்ஞானம் 'விண்ணாணம்' ஆயிற்று. விஜ்ஞப்தி 'விண்ணத்தி' ஆயிற்று. தமிழுக்குள் வந்தது இந்த 'ண்ண' வழியில்தான். விண்ணப்பத்தின் 'விண்' வானம் அல்ல, பிராகிருதம் பேசியவர்களின் நாக்கு விட்டுச் சென்ற தடம்.

ஒரு சொல்லை வைத்து மட்டும் இப்படிச் சொன்னால் அது ஊகம். மொழியியல் கேட்பது ஒரே மாற்றத்தைக் காட்டும் சொற்களின் கூட்டத்தை. அந்தக் கூட்டம் தமிழில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் 'விண்ணாணம்' உண்டு; அதிகப்பிரசங்கித்தனமான அறிவுக்கு அங்கே அதுதான் பெயர். பள்ளியில் படிக்கும் விஞ்ஞானமும் வீட்டில் திட்டு வாங்கும் விண்ணாணமும் ஒரே சொல்தான். விண்ணாணம் பிராகிருத வாசல் வழியே முன்னரே வந்தது. விஞ்ஞானம் சம்ஸ்கிருத வாசல் வழியே பின்னர் வந்தது. ஆக்ஞை என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு: ஆணை. ஆஜ்ஞா பிராகிருதத்தில் 'ஆணா', தமிழில் ஆணை. இதைத் தமிழ் வேரிலிருந்தே விளக்குவோரும் உண்டு. ஆனால் பழைய செப்பேடுகளில் வரும் 'ஆணத்தி' என்ற சொல் ஐயத்தைக் குறைக்கிறது. ஆஜ்ஞப்தி என்பதன் பிராகிருத வடிவம் எழுத்துக்கு எழுத்து அதுவே.

விண்ணப்பத்துக்கும் இதே போல ஓர் இரட்டை உண்டு. அது விஞ்ஞாபனம். அதைப் பிறகு பார்ப்போம்.

'ப்' செய்யும் வேலை

விண்ணப்பம் என்ற சொல்லின் நடுவில் இருக்கும் 'ப்ப' எங்கிருந்து வந்தது? வேர்ச்சொல்லான 'ஜ்ஞா'வில் பகரமே கிடையாது.

தமிழில் 'திருந்து' என்பது தன்வினை, 'திருத்து' என்பது பிறவினை. 'செய்' என்பதோடு 'வி' சேர்த்தால் 'செய்வி'. சம்ஸ்கிருதத்தில் ஆகாரத்தில் முடியும் வேர்ச்சொற்கள் பலவற்றுக்குப் பிறவினை அடையாளம் பகரம். 'ஸ்தா' என்றால் நில். 'ஸ்தாபய' என்றால் நிற்கச் செய். ஸ்தாபனம் என்று நாம் நிறுவனத்தைச் சொல்வது அதனால்தான். 'ஸ்னா' என்றால் குளி. 'ஸ்னாபய' என்றால் குளிப்பாட்டு. கோயில்களில் தெய்வத் திருமேனிக்குச் செய்யும் நீராட்டுக்கு 'ஸ்னபனம்' என்று பெயர் வந்தது அப்படி. அதே வரிசையில் 'ஜ்ஞா' என்றால் அறி; 'ஜ்ஞாபய' என்றால் அறியச் செய்.

ஞாபகம் என்ற சொல்லின் பகரமும் இதுவே. ஜ்ஞாபகம் என்றால் அறியச் செய்வது, உணர்த்துவது. உணர்த்தும் குறிப்பு என்ற பொருள் நகர்ந்து நினைவு என்ற பொருளுக்கு வந்து நின்றிருக்கிறது. எனவே விண்ணப்பத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் கிடைப்பது இவ்வளவுதான்: தெளிவாக, அறியும்படி, செய்தல். கெஞ்சல் எங்கும் இல்லை. தமிழில் ஒரே சொல்லில் சொன்னால் 'தெரிவிப்பு'.

கடிதத்தில் நாம் 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதுவதும் தற்செயல் அல்ல. கேட்பதற்கு முன் தெரிவிக்க வேண்டும் என்ற எண்ணம் மொழிக்கு மொழி திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. மராத்தியர், நவாப், கம்பெனி ஆட்சிக் காலங்களில் புழங்கிய 'அர்ஜி'யும் அப்படித்தான். அரபியில் அதன் வேருக்குப் பொருள் முன்னே வைத்தல், காட்டுதல். அந்தச் சொல்லும் பிறகு பணிந்து கேட்கும் மனுவாகிப் போனது.

ஒரு வேர், இரண்டு திசை

அறியச் செய்வது மேலிருந்து கீழே வந்தால் என்ன பெயர்? அதற்கும் இதே வேர்தான். முன்னொட்டு மட்டும் மாறும். 'வி' இருந்த இடத்தில் 'ஆ' வரும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் பாறைகளில் பொறித்த சாசனங்களில் மூன்றாவது பெருஞ்சாசனம், அவர் பட்டம் ஏற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபின் இட்ட ஆணை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. குஜராத்தின் கிர்நார்ப் பாறையில் அதற்கு இருக்கும் சொல் 'ஆஞபிதம்'. அறியச் செய்யப்பட்டது என்பதே அதன் உறுப்புப் பொருள். அரசர் அறியச் செய்தால் அது கட்டளை. குடிமகன் அரசரை அறியச் செய்தால் அது விண்ணப்பம். சம்ஸ்கிருத நாடகங்களிலும் இந்தப் பிரிவினை கறாராக இருக்கிறது. அரசன் பேசினால் ஒரு வினை, சேவகன் பேசினால் மற்றொரு வினை. இரண்டின் உடலும் 'ஜ்ஞாபய'தான். வேர் நடுநிலையானது. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே உயர்வு தாழ்வை முடிவு செய்தது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு திசைகளும் ஒரே ஏட்டில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. காரைக்கால் அருகே கசாக்குடியில் 1879இல் கிடைத்த செப்பேடுகள், பல்லவமல்லன் எனப்பட்ட இரண்டாம் நந்திவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, எட்டாம் நூற்றாண்டு. கொடுகொள்ளி என்ற ஊரைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் அந்தச் செப்பேடுகள், அது யாருடைய விண்ணப்பத்தால் நடந்தது என்றும், யார் ஆணத்தியாக, அதாவது ஆணையை நிறைவேற்றுபவராக, இருந்தார் என்றும் பெயர் குறிப்பிடுகின்றன. விண்ணப்பம் பிரமயுவராசனுடையது, ஆணத்தி கோரசர்மன். இவர்கள் இருவரும் கைகட்டி வாசலில் காத்திருந்த எளியவர்கள் அல்லர். அரசாங்கத்துக்குள் இருந்த பெரிய மனிதர்கள். அரசனுக்கு ஒரு செய்தியை முறைப்படி எடுத்து வைப்பதும், அரசன் சொன்னதை முறைப்படி நிறைவேற்றுவதும் அவர்களுடைய பொறுப்புகள். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால் ஒருவர் கோப்பை வைத்தார், மற்றவர் உத்தரவைச் செயல்படுத்தினார்.

கோயிலுக்குள் போனதும் சொல்லின் சூடு கூடியது. நம்மாழ்வார் திருவிருத்தத்தைத் தொடங்கும்போதே தன் பாட்டை ஒரு விண்ணப்பம் என்று அறிவிக்கிறார். வைணவப் பரிபாஷையில் பெரியவர் பேசினால் 'அருளிச்செய்தார்', சிறியவர் பேசினால் 'விண்ணப்பஞ்செய்தார்'. திருவரங்கத்தில் பெருமாள் முன்னே பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர்களுக்கு 'விண்ணப்பஞ்செய்வார்' என்றே பெயர். அவர்கள் எதையும் கேட்டுப் பெறுவதற்காகப் பாடுவதில்லை. தெய்வத்தின் செவிக்குப் பாட்டைக் கொண்டு சேர்க்கிறார்கள். தெரிவித்தல் என்ற பழைய பொருள் அந்தப் பெயரில் உயிரோடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வள்ளலார் தன் உரைநடை வேண்டுதல்களுக்குச் சிறு விண்ணப்பம், பெரு விண்ணப்பம் என்று பெயரிட்டபோது, சொல் முழுக்க முழுக்க மன்றாடலாகக் கனிந்துவிட்டிருந்தது.

மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால் இதே சொல் தலைகீழாக நிற்கும். மலையாளத்தில் 'விஜ்ஞாபனம்' என்றால் அரசு வெளியிடும் அறிவிக்கை. கேரளத் தேர்வாணையம் விஜ்ஞாபனம் வெளியிடும். வேலை தேடும் இளைஞர் 'அபேக்ஷ' கொடுப்பார். தமிழ்நாட்டில் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிடும். இளைஞர் விண்ணப்பம் கொடுப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசினாலும் இந்தப் பக்கம் நிற்பவர் பேசினாலும் அது விஜ்ஞாபனம்தான். எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை மட்டும் மொழிகள் வேறு வேறு விதமாகத் தீர்மானித்துக்கொண்டன.

வடக்கே போனால் இன்னொரு திருப்பம். இந்தியில் 'விக்யாபன்' என்றால் விளம்பரம். வங்காளத்திலும் அப்படியே. சோப்பும் பற்பசையும் தங்களை உலகுக்கு அறியச் செய்கின்றன, அவ்வளவுதான். மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் கோரிக்கை மனுவுக்கு அங்கே 'க்யாபன்', முன்னொட்டு உதிர்ந்துவிட்டது. பணிந்து கேட்கும் வேண்டுகோளுக்கு இந்தியில் இருக்கும் 'பின்தி', மராத்தியில் இருக்கும் 'வினந்தி' இரண்டும் விஜ்ஞப்தி, விண்ணத்தி என்று தேய்ந்து வந்தவை. தெலுங்கில் 'வின்னபம்', கன்னடத்தில் 'பின்னப'. நம் வேர் கன்னடத்தில் 'பேரு', நம் வில் அங்கே 'பில்' என்று ஆவது போல, விண்ணப்பத்தின் வகரமும் அங்கே பகரமாகியிருக்கிறது.

இலங்கைத் தமிழில் விஞ்ஞாபனம் எங்கே ஒட்டிக்கொண்டது தெரியுமா? தேர்தலில். கட்சிகள் அங்கே வெளியிடுவது 'தேர்தல் விஞ்ஞாபனம்'. நாம் தேர்தல் அறிக்கை என்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர் தருவது அறிவிப்பா, விண்ணப்பமா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்கிறது சொல்லின் வரலாறு.

மன்றத்தில் ஆடியவர்கள்

வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு மட்டும் இப்படி நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். அசல் தமிழ்ச் சொல் ஒன்றும் இதே பாதையில் நடந்திருக்கிறது. அது மன்றாடு.

இன்று மன்றாடுவது என்றால் கண்ணில் நீர் முட்ட, கைகூப்பி, விடாமல் கேட்பது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் மன்றாட்டு என்றும் மன்றாட்டு மாலை என்றும் வேண்டுதல்களுக்கே பெயர். ஆனால் சொல்லைப் பிரித்தால் மன்று, ஆடு. மன்று என்பது ஊர் கூடும் பொது இடம். நீதிமன்றமும் சட்டமன்றமும் அந்த மன்றின் வழிவந்தவை. 'ஆடு' இங்கே நடனம் அல்ல. உரையாடு, வழக்காடு, வாதாடு, போராடு என்பவற்றில் வரும் ஆடு. ஒரு செயலில் ஈடுபடு என்று பொருள். மன்றாடு என்றால் மன்றத்தில் ஈடுபடு.

இதற்குக் கல்லில் சான்று இருக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் உள்ள கல்வெட்டு, மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சுமார் 1,200 ஆண்டு பழமையானது. பலரும் அறிந்த உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மூத்தது. பிராமணர் ஊர்ச்சபையின் கூட்டத்தில் யார் மன்றாடலாம் என்பதே அதன் பேச்சு. ஊரில் பங்குடையவர்களின் பிள்ளைகளில், ஒரு தர்மநூலாவது கற்று, மந்திரம், பிராமணம் என்ற வேதப் பகுதிகளில் தேர்ந்து, ஒழுக்கமுள்ளவராக இருப்பவரே, ஒரு பங்குக்கு ஒருவர் என்ற கணக்கில் மன்றாடலாம் என்று விதி செய்கிறது.

மன்றாடுவதற்குத் தகுதி வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கெஞ்சுவதற்கு யாரும் தகுதித் தேர்வு வைப்பதில்லை. அது சிலருக்கு மட்டும் இருந்த உரிமை, அவையில் எழுந்து பேசும் உரிமை. அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் கல்வெட்டு விடவில்லை. எந்தக் காரியம் வந்தாலும் 'அன்று' என்று சொல்லித் தடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம். அன்றைய மன்றாடி எவ்வளவு நிமிர்ந்து நின்றிருந்தால் இப்படி ஒரு அபராதம் தேவைப்பட்டிருக்கும்!

வழக்காடு, வாதாடு என்ற உடன்பிறப்புகள் இன்றும் நிமிர்ந்தே இருக்கின்றன. வழக்கறிஞர் வாதாடுகிறார், யாரும் அதில் தாழ்மையைக் காண்பதில்லை. மன்றாடு மட்டும் குனிந்துவிட்டது. அவையில் தன் வழக்கை எடுத்துச் சொல்பவர் தீர்ப்புச் சொல்பவர்களின் தயவை நாடி நிற்பவரும்தான். சொல்வதும் நாடுவதும் ஒன்றாகவே நடந்தன. காலப்போக்கில் சொல்லுதல் பின்னுக்குப் போய், நாடுதல் முன்னுக்கு வந்து, சொல்லின் பொருளாகவே அமர்ந்துவிட்டது.

குனிந்தே பிறந்தவை

எல்லாச் சொற்களும் இப்படிப் பின்னால் குனிந்தவை அல்ல. சில பிறவியிலேயே குனிந்தவை. இறைஞ்சு என்றால் பழந்தமிழில் தாழ், கவிழ், சாய். நாணத்தால் முகம் கவிழ்வதற்கும், கிளை தாழ்வதற்கும் அந்தச் சொல் புழங்கியது. தெய்வத்தை இறைஞ்சுவது அதன் பிறகு வந்த பொருள். வணங்கு என்பதும் வளைதல்தான். வளைந்த வில்லுக்கும் அது பொருந்தியது. நாம் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லும் வணக்கத்துக்குள் ஒரு முதுகு வளைந்துகொண்டே இருக்கிறது. பணி, தாழ் என்பவையும் உயரத்தைக் குறைப்பவை.

லத்தீனிலும் பணிந்து வேண்டுவதற்கான 'சுப்ளிக்காரே' என்ற சொல்லுக்கு, கீழ்நோக்கி மடங்குதல் என்பதே வேர் என்று ஒரு சாரார் சொல்வர். மனத்தைக் குளிர்வித்தல் என்ற பொருளுடைய வேரைக் காட்டுவோரும் உண்டு. கிரேக்கர் வேறு வழியில் போனார்கள். அடைக்கலம் கேட்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிகெத்தீஸ்', வந்து சேர்ந்தவர். வந்தவர் எதிரே இருப்பவரின் முழங்காலைப் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஹோமரின் இலியத்தின் கடைசிக் காண்டத்தில், மகனின் உடலைக் கேட்டு வந்த முதிய மன்னன் பிரியாம், அந்த மகனைக் கொன்ற அக்கிலிஸின் முழங்காலைத்தான் பிடிக்கிறான்.

ஆக, வேண்டுதலுக்கான சொற்கள் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று உடலின் வளைவு. இரண்டு செய்தியைத் தெரிவித்தல். மூன்று தெரிவிக்கும் இடத்துக்கு வந்து நிற்றல். எங்கிருந்து புறப்பட்டாலும் கடைசியில் எல்லாம் ஒரே தாழ்வில் போய்ச் சேர்கின்றன. ஏன்?

உடல் சொல்லுக்கு முந்தியது

1872இல் வெளிவந்த 'மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகளின் வெளிப்பாடு' என்ற நூலில் டார்வின் நாயின் இரண்டு நிலைகளை ஒப்பிட்டார். சண்டைக்கு நிற்கும் நாய் விறைத்து, தலை நிமிர்ந்து, மயிர் சிலிர்த்து நிற்கும். எசமானரைக் கண்டதும் அதே நாய் உடலைத் தாழ்த்தி, நெளிந்து, காதுகளைப் பின்னே மடக்கும். இரண்டாவது நிலையில் உள்ள ஒவ்வொன்றும் முதல் நிலையின் நேர் எதிர். என்னால் உனக்கு ஆபத்தில்லை என்பதை விலங்கு தன்னைச் சிறியதாக்கிக் காட்டித் தெரிவிக்கிறது. சிம்பன்சிகள் உணவு கேட்கும்போது உள்ளங்கை மேல் நோக்கக் கையை நீட்டுகின்றன. கையேந்துதல் நம் இனத்தைவிடப் பழையதாக இருக்கலாம்.

குரலுக்கும் இது பொருந்தும். பெரிய விலங்கின் குரல்வளையில் உள்ள மடிப்புகள் கனமானவை, மெதுவாக அதிரும், ஒலி தாழ்ந்திருக்கும். சிறியதன் ஒலி கீச்சென்று உயர்ந்திருக்கும். பறவைகளையும் பாலூட்டிகளையும் ஒப்பிட்ட யூஜின் மார்ட்டன், 1977இல் ஒரு பொது விதியை முன்வைத்தார்: பகை காட்டும் ஒலிகள் தாழ்ந்தும் கரகரத்தும் இருக்கும், பணிவும் அச்சமும் காட்டும் ஒலிகள் உயர்ந்தும் மெலிந்தும் இருக்கும். 1984இல் ஒலியியல் அறிஞர் ஜான் ஓஹாலா இதை மனித மொழிக்கு விரித்தார். பல மொழிகளில் கேள்வியின் முடிவில் குரல் ஏறுவதும், பணிந்து பேசும்போது குரல் உயர்வதும் இந்தப் பழைய விதியின் எச்சம் என்றார். புன்னகையைக்கூட அவர் இப்படியே விளக்கினார்: உதடுகளைப் பின்னுக்கு இழுத்தால் வாய்க்குழல் குறுகும், ஒலி சிறிய விலங்கின் ஒலியை ஒத்துப்போகும். 'ஐயா, கொஞ்சம் பாருங்கய்யா' என்று கேட்பவரின் குரல் ஏன் மேலேறி இழுபடுகிறது என்பதற்கு உடற்கூறு தரும் விடை இது.

சமூகமும் தன் பங்கைச் செய்கிறது. பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்து 1987இல் நூலாக்கிய பணிவுக் கோட்பாடு, மொழியியலில் பெரிதும் விவாதிக்கப்பட்ட ஒன்று. அதற்கு அவர்கள் ஆழ்ந்து எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று; கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் சேகரித்த பேச்சு அது. ஒரு வேண்டுகோளின் கனம் மூன்றைப் பொறுத்தது என்றார்கள்: கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே உள்ள அதிகார வேறுபாடு, அவர்களுக்குள் இருக்கும் பழக்கத்தின் தூரம், கேட்கும் பொருளின் பளு. கனம் கூடக் கூட மொழி சுற்றி வளைத்துப் பேசும். ஒரு குடம் நிறையத் தண்ணீர் வேண்டியிருந்தாலும் 'கொஞ்சம் தண்ணி தர்றீங்களா' என்றுதான் கேட்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' தண்ணீரைக் குறைப்பதில்லை, கேட்பதன் பளுவைக் குறைக்கிறது.

தொல்காப்பியர் இதை எப்போதோ இலக்கணத்தில் சேர்த்துவிட்டார். கேட்கும் சொற்கள் மூன்று: ஈ, தா, கொடு. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ', ஒத்தவர் ஒத்தவரிடம் கேட்டால் 'தா', உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் 'கொடு'. பொருள் ஒன்று, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விண்ணப்பத்துக்கு நேர்ந்தது விளங்கும். அகராதியில் அது தெரிவித்தல் மட்டுமே. ஆனால் அது வாயிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு வளைந்த முதுகும், உயர்ந்த குரலும், அதிகாரத்தின் ஏற்றத்தாழ்வும் வந்தன. அடுத்த தலைமுறைக் குழந்தை சொல்லின் பொருளை வேர்ச்சொல்லிலிருந்து கற்பதில்லை. சொல்லப்படும் சூழலிலிருந்து கற்கிறது. நூறு முறை கைகட்டி நின்றவர் வாயில் கேட்ட சொல்லுக்குக் கைகட்டுதலே பொருள் என்று அது முடிவு கட்டினால், அந்த முடிவில் தவறில்லை. உடல் பேசியதைச் சொல் விழுங்கிக்கொண்டது.

சட்டம் மாற்றிய சூழல்

சூழல் சொல்லைக் குனிய வைத்தது என்றால், சூழலை மாற்றினால் சொல் நிமிருமா? இதற்கு ஒரு நடப்புச் சோதனை நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு இதற்கு முன்பே, 1997இல், தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியிருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கொடுக்கும் தாளுக்கும் விண்ணப்பம் என்றே பெயர், கொடுப்பவர் விண்ணப்பதாரர். ஆனால் விதிகள் வேறு. எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. ஆறாம் பிரிவு காரணம் சொல்லும் கடமையிலிருந்து விண்ணப்பதாரரை விடுவிக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிரோ விடுதலையோ சம்பந்தப்பட்டதானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்.

இந்த விண்ணப்பத்தில் 'தாழ்மையுடன்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. பலர் பழக்கத்தால் இன்னும் அதை எழுதுகிறார்கள். எழுதாமல் விட்டாலும் பதில் தர வேண்டிய கடமை மாறாது. குடிமகன் தனக்கு எது வேண்டும் என்பதை அறியச் செய்கிறார், அரசு அதற்கு விடையை அறியச் செய்கிறது. கீழிருந்து போவதும் மேலிருந்து வருவதும் ஒரே கனமுள்ள தெரிவிப்புகள். பல்லவமல்லனின் செப்பேட்டில் விண்ணப்பமும் ஆணத்தியும் அடுத்தடுத்துப் பதிவானபோதுகூட முடிவு அரசனின் விருப்பத்தில்தான் இருந்தது. இங்கே விருப்பத்துக்கு இடமில்லை, காலக்கெடு இருக்கிறது.

சொற்கள் சட்டத்தைப் படித்துத் தங்கள் பொருளை மாற்றிக்கொள்வதில்லை. மனிதர்கள் அவற்றை எப்படி நின்று சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தே மாறுகின்றன. அந்தப் படிவத்தை நிமிர்ந்து நின்று கொடுப்பவர்கள் போதுமான அளவு பெருகினால், விண்ணப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும் அகராதிக்காரர் 'பணிந்து கேட்டல்' என்பதை இரண்டாவது வரிக்குத் தள்ளிவிட்டு, 'தெளிவாகத் தெரிவித்தல்' என்று முதல் வரியைத் தொடங்குவார்.